அரிஷ்டப் பானை அடங்கிய நாள்

என் மகனுக்கு,

அருகன் அடிகளுக்கு வணக்கம் எழுதிவிட்டுத்தான் எந்த மடலையும் தொடங்குவேன் என்பதை நீ அறிவாய். இன்று அதை எழுதக் கை கூசுகிறது. ஆகவே நேராகவே தொடங்குகிறேன். உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. பெங்களூருக்கு வெளியே உள்ள அந்தப் பீர் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் வளர்க்கும் வேலையில் முதல் மாதம் முடிந்ததென்றும், நீ முதன்முதலாகத் தனியே வளர்த்தது முழுவதும் செத்துப்போனதென்றும் எழுதியிருந்தாய். சரியாக ஆறாத தானிய வடிநீரில் அவசரப்பட்டு ஊற்றிவிட்டாயாம். மூன்று நாள் அந்தக் கண்ணாடிக் குடுவையையே பார்த்துக்கொண்டு, குமிழி வருமா, நுரை கட்டுமா, மூடியைத் திறக்கலாமா கூடாதா என்று சோறு இறங்காமல் தவித்தாயாம். அதன் கீழே, பேச்சுவாக்கில் கேட்பதுபோல் இப்படிக் கேட்டிருந்தாய்: "அம்மாவுக்கு நீங்க போட்ட அரிஷ்டம் பொங்கவே இல்லைன்னு சொன்னீங்களேப்பா. அந்தப் பூவுலயே ஈஸ்ட் இருக்குது. வெல்லமும் போட்டிருக்கீங்க. சூடு படலைன்னா அது தானாவே பொங்கியிருக்கணுமே. என்னதான் ஆச்சு?"

அது பொங்கியது, மகனே. ஆறாம் நாள் தொடங்கி, பதினைந்தாம் நாள் வரைக்கும் நன்றாகவே பொங்கியது. அதை அடக்கியவன் நான். இத்தனை ஆண்டுகள் உன்னிடமும், உன் தாய்மாமனிடமும், ஜினாலயத்தில் என்னோடு அமர்ந்தவர்களிடமும் நான் சொல்லிவந்தது பொய். தேசூர் வைத்தியர் கொடுத்த பூ சரியில்லை என்று நான் சொன்னது அதனினும் பெரிய பொய். இதை உனக்கு மட்டுமென்று எழுதவில்லை. இதன் படி ஒன்றைத் தேசூரில் வைத்தியரின் மகன் வீட்டுக்கு அனுப்புகிறேன். மற்றொன்றை வெம்பாக்கத்தில் உன் தாய்மாமனுக்கு அனுப்புகிறேன். யார் கேட்டாலும் நீ படித்துக் காட்டலாம். இரண்டு மாதத்துக்கு முன் நீ இந்த வேலைக்குத் தேர்வானபோது, மதுவை விலக்கிய சமணக் குலத்தில் பிறந்து கோடி உயிர்களைக் கொல்லும் தொழிலுக்குப் போகிறாயே என்று வாசலில் நின்று உன்னைக் கடிந்தேன். பேருந்து நிலையம் வரை உன்னோடு வரவும் மறுத்தேன். அந்தச் சொல்லை உன்மேல் எறிய எனக்கு என்ன தகுதி இருந்தது என்பதையும் இதைப் படித்து முடிக்கையில் நீயே தெரிந்துகொள்வாய்.

உனக்கு எட்டு வயது நடந்த அந்த ஆண்டு, உன் தாய்க்கு இரண்டாம் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. அதன்பின் அவள் எழவில்லை. உடம்பில் இரத்தம் இல்லை என்றார்கள் மருத்துவமனையில். முகம் வெளுத்து, பாதம் வீங்கி, அந்தி சாயும் நேரத்தில் மெல்லிய காய்ச்சல் வந்து போகும். கொடுத்த மாத்திரை எதுவும் வயிற்றில் தங்கவில்லை. இரண்டு வாய்க் கஞ்சியும் தங்கவில்லை. உன்னைக் கவனிக்க ஆளில்லாமல் வெம்பாக்கத்தில் மாமன் வீட்டுக்கு அனுப்பினோம். ஆகவே அந்த நான்கு மாதங்களில் இந்த வீட்டில் நடந்தவற்றுள், நான் சொன்னவை மட்டுமே உனக்குத் தெரியும்.

தேசூர் வைத்தியர் வந்து நாடி பார்த்தார். முதலில் பசி எழவேண்டும், பசி எழுந்தால்தான் மற்றதெல்லாம் நிற்கும், அதற்குத் திராட்சை அரிஷ்டம் ஒரு மண்டலம் கொடுக்கவேண்டும் என்றார். ஆனால் அவரிடம் அரிஷ்டம் இல்லை. மதுவிலக்கு மறுபடியும் நடைமுறைக்கு வந்திருந்த காலம் அது. புளிக்கவைத்த மருந்துக்கும் உரிமம் வேண்டுமென்று சொல்லக் கேட்டு, முதிர்ந்த வயதில் அலைய முடியாதவராய், காய்ச்சுவதையே அவர் விட்டிருந்தார். "நீங்களே வூட்ல போட்டுக்குங்க நயினாரே. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல," என்று செய்முறையைச் சொன்னார். தேன் சேர்க்கவேண்டும் என்றதும் நான் தயங்கினேன். தேனை நாம் தொடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே, "வெல்லம் போடுங்க, போதும். ஆனா ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. கஷாயம் நல்லா ஆறினப்புறம்தான் பூ போடணும். பூ போட்டு வாய் கட்டிட்டா, அப்புறம் பானையை அடுப்புப் பக்கமே கொண்டு போவாதீங்க," என்றார். தாதகிப்பூ ஒரு பொட்டலம் அவரே தந்தார். அந்தச் செந்நிறப் பூ இல்லாமல் அரிஷ்டம் பொங்காது என்றும் சொன்னார்.

மார்கழித் தொடக்கத்தில் பானை வைத்தேன். உலர்ந்த திராட்சையை நீரில் இட்டு நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, விரல் வைத்தால் சுடாத அளவு ஆறும்வரை காத்திருந்து, வெல்லம் கரைத்து, பூவும் ஏலமும் திப்பிலியும் சேர்த்து, புது மண்பானையில் ஊற்றி வாயைச் சீலையாலும் களிமண்ணாலும் பூசி மூடினேன். குளிர் படக்கூடாது என்று, வீட்டிலேயே வெதுவெதுப்பான இடமாகிய உன் தாயின் அறையில், உமி நிரப்பிய பெட்டிக்குள் அதைப் புதைத்து வைத்தேன். பொங்கத் தொடங்கினால் உள்ளே ஓசை கேட்கும் என்றும், மூடியில் சிறு துளை செய்து அதனருகே தீக்குச்சியைக் காட்டினால் அது அணைந்துவிடும் என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். ஐந்து நாள் ஓசை இல்லை, தீக்குச்சியும் அணையவில்லை. நீ குடுவையைப் பார்த்துத் தவித்ததாக எழுதினாயே, அந்தத் தவிப்பை நான் வரிக்குவரி அறிவேன். கஷாயம் ஆறியது என்று நம்பியது தவறோ, கரைத்த வெல்லத்தில் சுண்ணாம்பு மிகுதியோ, வடிகட்டிய சீலையில் சிகைக்காய் வாடை இருந்ததோ, குளிர் உமியையும் தாண்டிவிட்டதோ என்று ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி மருகினேன். வகுப்பில் பாடம் நடத்துகையில் பாதி வரியில் நிறுத்திவிட்டு நின்றிருக்கிறேன்.

ஓசை இருக்கிறதா இல்லையா என்று அறிவதே பெரும்பாடு. நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவருக்கு அப்பால் ஏழுமலையின் இரண்டு தறிகள். விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை அவை ஓயா. நான் வெட்கத்தை விட்டு அவரிடம் போய், சற்று நேரம் தறியை நிறுத்த இயலுமா என்று கேட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன். அவர் இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி, "பானைக்குள்ள யாருன்னா பேசறாங்களான்னு கேக்கணுமா? சரி, கேட்டுக்கினு வாங்க. என்னா சொல்றாங்கன்னு எனக்கும் வந்து சொல்லுங்க," என்றார். அன்று முதல் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, நான் சுவரைத் தட்டினால் இரண்டு தறியும் நிற்கும். முகூர்த்தப் புடவைக்கு நாள் குறித்துவிட்டு நெய்கிறவர் அவர். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் உமியில் மண்டியிட்டுப் பானையில் காது வைப்பேன். உன் தாய் கட்டிலில் படுத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான்காம் நாள் பொறுக்காமல் பேருந்து ஏறித் தேசூருக்குப் போய், பூ பொங்கவில்லையே என்று வைத்தியரிடம் முறையிட்டேன். குளிர்காலம், இன்னும் நாலு நாள் விட்டுப் பாருங்கள் என்று அனுப்பினார்.

ஆறாம் நாள் காலை, நான் சுவரைத் தட்டுமுன்னரே உன் தாய் சொன்னாள்: "பேசுதுங்க. விடியகாலையிலேர்ந்து மெதுவாப் பேசிகினே இருக்குது." காது வைத்தேன். சுண்ணாம்புக் கல்லில் நீர் தெளித்ததுபோல் ஒரு நுண்ணிய சலசலப்பு. துளையருகே பிடித்த தீக்குச்சி அணைந்தது. இன்னொன்றைப் பிடித்தேன், அதுவும் அணைந்தது. பள்ளிக்கூடத்துச் சிறுவன்போல் அன்று எத்தனை குச்சிகளை வீணாக்கினேன் என்று தெரியாது. ஏழுமலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னா சொல்லுது?" என்று கேட்டார். உன் தாய்தான் பதில் சொன்னாள்: "பசிக்குதாம்." பல வாரங்களுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கைச் சொல் அது. அந்த ஒன்பது நாளும் அந்த ஓசைதான் அவளுக்குத் துணை. நான் பள்ளியிலிருந்து திரும்பியதும், இன்று வேகமாகப் பேசியது, நண்பகலில் சற்று ஓய்ந்தது, ஒருமுறை பெரிய குமிழி உடைந்தது என்று, பிள்ளையின் குறும்பைச் சொல்வதுபோல் சொல்வாள். மருந்து ஒரு துளியும் இன்னும் உள்ளே போகவில்லை. ஆயினும் கஞ்சி ஒரு வாய் கூடுதலாக இறங்கியது. நான் அதை என் கண்ணால் கண்டேன். இதை நீ மறவாதே, நானும் மறக்கவில்லை.

பதினைந்தாம் நாள் ஏழுமலை குடும்பத்தோடு சேவூருக்கு ஒரு திருமணத்திற்குப் போயிருந்தார். தறிகள் இரண்டும் நின்றிருந்தன. அன்று நண்பகலுக்குப் பின் ஜினாலயத்துப் பெரியவர்கள் மூவர் உன் தாயைப் பார்க்க வந்தார்கள். நந்தீசுவர வழிபாட்டின் எட்டு நாளும் ஆகமம் வாசிக்க அவ்வாண்டு என்னைத் தேர்ந்திருப்பதாகவும் சொல்லவந்தார்கள். அந்த இடத்தில் அமர நான் எத்தனை ஆண்டு காத்திருந்தேன் என்பது உன் தாய்க்குத் தெரியும். அறைக்குள் வந்து அமர்ந்தார்கள். வழக்கமான தறியோசை இல்லாத வீட்டில் அந்தப் பானையின் சலசலப்பு அறை முழுவதும் கேட்டது. புளிப்பும் இனிப்பும் கலந்த நெடியும் நிறைந்திருந்தது. மூத்தவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்னா நயினாரே, வீட்ல ஏதோ பொங்குது போலிருக்குதே," என்றார். மருந்து என்றேன். மற்றொருவர் உமிப்பெட்டியைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல், "மருந்துன்னுதான் இப்ப எல்லாரும் சொல்லிகினு இருக்கறாங்க," என்றார். வைத்தியர் பெயரைச் சொன்னேன். தேன் சேர்க்கவில்லை என்றேன். மூத்தவர் எழுந்து, நோயாளிக்கு ஆறுதலாக இரண்டு சொல் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். உன் தாய் படுக்கையிலிருந்தே தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்படி கேட்டாள். நான் மூன்று செம்பில் கொண்டுவந்து வைத்தேன்; அவர்கள் குடிக்கவில்லை. வாசலில், எனக்குக் கேட்கட்டும் என்றோ, கேளாது என்றோ, ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "எத்தனை கோடி ஜீவன் உள்ள பொறந்து சாவுதோ. இந்த வாயாலதான் வாசிக்கப் போறாரு."

அவர்கள் தெருமுனை திரும்புமுன் நான் பானையைத் தூக்கினேன். எங்கே என்று உன் தாய் கேட்டாள். ஒரு கொதி விடச் சொல்லி வைத்தியர் சொன்னார் என்றேன். வாய் பூசிய மண்ணை உடைத்தபோது நுரை மேலெழுந்து என் கையில் வழிந்தது. பூக்கள் மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தன. அடுப்பில் வைத்து, குடிநீரை நாம் நாள்தோறும் எப்படிக் காய்ச்சுவோமோ அப்படியே, தளதளவென்று கொதிக்கும்வரை காய்ச்சினேன். நெடி போயிற்று. ஓசை போயிற்று. ஆறவைத்து, மறுபடி வாய் பூசி, உமியில் வைத்தேன். மனம் அமைதியாக இருந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆனால் அப்படித்தான் இருந்தது. புதிதாக உயிர்கள் தோன்றாதபடி நீரைக் காய்ச்சுவதுபோலத்தான் இதுவும், நான் கொலையைத் தடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூல்களில் நான் கற்றவை அனைத்தும் எனக்குச் சாட்சி சொல்ல வரிசையில் வந்து நின்றன.

பல ஆண்டுகள் அந்தச் சாட்சிகளை நம்பினேன். பின்னர் ஒருநாள், நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்து, கொதிநிலையில் ஈஸ்ட் ஒரு நிமிடமும் பிழைக்காது என்று ஏதோ பேச்சில் சொன்னாய். அன்றிலிருந்து அந்தச் சாட்சிகள் ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன. உயிர்க்கு அஞ்சினேன் என்றால், உயிருள்ளது என்று தெரிந்த ஒன்றை ஏன் அடுப்பில் ஏற்றினேன்? ஐயுற்றிருந்தால் பானையை வைக்குமுன்னரே ஐயுற்றிருக்கவேண்டும்; தீக்குச்சி அணைந்தபோது மகிழ்ந்திருக்கக் கூடாது. அறியாமல் மிதிக்கும் எறும்புக்கும் கழுவாய் தேடுகிறவன், அறிந்தே, என் கையாலேயே, அத்தனை கோடியையும் வேகவைத்தேன். கொல்லாமை என்னைத் தடுக்கவில்லை, மகனே. குடிக்காமல் வைத்துப்போன மூன்று செம்புத் தண்ணீர்தான் என்னைத் தள்ளியது. நான் ஊருக்கு அஞ்சினேன். இவ்வளவுதான் உண்மை. இதைச் சொல்ல அழகான சொல் என்னிடம் இல்லை.

மறுநாள் காலை உன் தாய் சொன்னாள்: "பானை பேசலீங்களே." பக்குவம் ஆகிவிட்டது என்றேன். "அப்படீங்களா," என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஏழுமலை திரும்பிவந்து, வழக்கம்போல் தறியை நிறுத்தட்டுமா என்று கேட்டார். இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். முப்பதாம் நாள் திறந்தபோது மேலே வெண்மையாக ஓர் ஆடை படிந்திருந்தது. அதை எடுத்தெறிந்துவிட்டு, வடித்து, குப்பியில் ஊற்றி, உணவுக்குப் பின் அளந்து கொடுத்தேன். முதல் முறை வாயில் வைத்ததும் என்னைப் பார்த்து, "வெல்லப்பாகு மாதிரி இருக்குதுங்க. இதுதாங்களா மருந்து?" என்றாள். குடி என்றேன். குடித்தாள். அதன்பின் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பசி எழவில்லை, இறங்கிக்கொண்டிருந்த ஒரு வாய்க் கஞ்சியும் நின்றது. நாளுக்கு நாள் அந்தத் திரவத்தில் ஊசல் வாடை ஏறியது. அவள் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் குடித்தாள். உன் மாமன் பார்க்க வந்தபோது, மருந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் அறைவாசலில் நின்றிருந்தேன். "ரொம்பப் பாடுபட்டு, நல்லபடியாத் தயார் பண்ணிக் குடுத்திருக்கறாருண்ணா. என் உடம்புக்குத்தான் புடிக்கல," என்றாள். அப்போதுதான் தெரிந்தது, பானை ஏன் அடங்கியது என்று அவளுக்குத் தெரியும் என்பது. ஒன்பது நாள் அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவள். அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள் என்று வைத்தியர் சொன்னதையும், வாசலில் அந்தப் பெரியவர் சொன்னதையும் கேளாமலா இருந்திருப்பாள்?

நந்தீசுவர வழிபாட்டில் எட்டு நாளும் நான் வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். வழிபாடு முடிந்து ஐந்தாம் நாள் அவள் போனாள்.

செய்தி கேட்டு வைத்தியர் பேருந்தில் வந்தார். துக்கம் கேட்டுவிட்டு, தனியே அழைத்து, "கடைசில பொங்குச்சா நயினாரே?" என்றார். உண்மையைச் சொல்ல இவ்வுலகில் எனக்குக் கொடுக்கப்பட்ட மிக எளிய நேரம் அதுதான். பொங்கவே இல்லை என்றேன். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். "பூ பழசாயிட்டிருக்கும். நான் மோந்து பார்த்துக் குடுத்திருக்கணும். என் தப்புங்க," என்றார். நான் மறுக்கவில்லை. அதன்பின் மற்றவர்கள் கேட்டபோதெல்லாம், பூ பழையது என்று அவர் சொல்லையே எடுத்துச் சொன்னேன். நம் ஆரணியிலிருந்து அவரைத் தேடிப் போகிறவர்கள் குறைந்தார்கள். மூன்றாண்டுக்குள் அவரும் போய்விட்டார். கடைசிக் காலத்தில் யாருக்கு மருந்து கொடுத்தாலும் பலமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம். அவர் மகன் இதை என்னிடமே வேடிக்கையாகச் சொன்னார்.

அந்த அரிஷ்டம் ஒழுங்காகப் பக்குவமாகியிருந்தால் உன் தாய் பிழைத்திருப்பாளா என்று நீ எண்ணுவாய். எனக்குத் தெரியாது. பிழைத்திருக்க மாட்டாள் என்று யாரேனும் சொல்லக் கேட்க வேண்டுமென்று பெயர் சொல்லாமல் இரண்டு மருத்துவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறேன். ஒருவர் சொல்ல இயலாது என்றார். மற்றவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, கேட்பது யாருக்காக என்றார். இனிக் கேட்கமாட்டேன். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி, வாசிப்பதை விட்டு இரண்டாண்டு ஆகிறது. அதுவும் ஒரு பொய்தான். தந்தை மகனுக்கு எழுதும் மடலில் அறிவுரை இருக்கவேண்டும் என்பார்கள். உன் வேலையைப் பற்றி நான் சொன்ன சொற்களைத் திரும்பப் பெறுகிறேன். அதற்கு மேல் உனக்குச் சொல்லத் தக்கது என்னிடம் எதுவும் இல்லை. தவம், நோன்பு, கழுவாய் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். நான் செய்ததை ஏற்று, நான் கெடுத்ததைத் திருப்பித் தரும் வழி எந்த நூலிலும் எனக்குத் தென்படவில்லை. வினை கழியும் என்று பிறருக்கு எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறேன். இந்த ஒன்று கழியக் காணேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் வேண்டுகிறேன். இதைப் படித்ததும் பதில் எழுதிவிடாதே. நீ அவள் பிள்ளை. என்னைப் பொறுத்துக்கொண்டதாகத்தான் எழுதுவாய். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடிப்பாய். அந்தப் பொறுமையை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன். நாள்தோறும் அளந்து கொடுத்ததைக் குடித்து, அண்ணனிடம் என்னைப் புகழ்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது அது. இன்னொரு முறை அதன்முன் நிற்க என்னால் ஆகாது. எழுதுவதற்குப் பதில் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் வா. என் எதிரே உட்கார். அம்மாவைவிட அந்த மூன்று பேர் உங்களுக்கு எப்படிப் பெரியவர்களானார்கள் என்று என் முகத்தைப் பார்த்துக் கேள். குரலை உயர்த்தியே கேள். தெரு கேட்டாலும் கேட்கட்டும். என்னிடம் விடை இல்லை. ஆயினும் கேள், மகனே. அவள் கேட்கவில்லை.

உன் வரவை எதிர்நோக்கும்,
உன் தந்தை
ஆரணி